இரண்டு வலது கால்கள்

மார்ச் 3, திங்கள்

என் பெயர் பாபநாசம். அது எங்கள் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரும்தான். நான் எழுதியிருப்பது ஆள் பெயர். வயது எழுபத்தொன்று. இந்த நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறினால் ஆறட்டும். என் பெயரை நானே எழுதிப் பார்த்துக்கொண்டு குடித்த காபி இது.

முதியோர் வகுப்பு மெர்சி டீச்சர் இந்த டைரியைக் கொடுத்தார். ஒரு நாளுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது என்றார். சரி என்றேன்.

என் தொழில் மரக்கடைசல். மிஷினில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டுவது. பம்பரம், கிலுகிலுப்பை, சொப்புச் சாமான், தொட்டில் கால் எல்லாம் கடைந்திருக்கிறேன். நாற்காலி மட்டும் செய்ததில்லை. இப்போது ஒன்று செய்யப் போகிறேன். என் வீட்டுக்காரி செண்பகவல்லிக்கு. அவள் இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்குத் தாழ்வு.

முப்பதாம் தேதி மகள் உலகம்மாள் திருப்பூரிலிருந்து வருகிறாள். அதற்குள் முடிக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

செண்பகத்தைக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளவுக்குச்சியை நிறுத்தி ஒரு வெட்டுப் போட்டேன். எனக்கு அங்குலம், சென்டிமீட்டர் எல்லாம் போன வருஷம்தான் தெரியும். அதற்கு முன்னால் எல்லா வேலைக்கும் ஒரு குச்சி, அதில் வெட்டுகள், அவ்வளவுதான். இந்த நாற்காலிக்கும் குச்சிதான். குச்சி தப்பாகப் படிக்காது.

அளக்கும்போது குதிகாலில் குச்சி பட்டுக் கூச்சத்தில் நெளிந்தாள். சிரிப்பு வந்தால் அவள் தோள் குலுங்கும். சத்தம் வராது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. அன்றிலிருந்து சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. அவள் எட்டாவது வரை படித்தவள். நான் பள்ளிக்கூடத்துக்கே போகாதவன். அவள் எழுதிக் காட்டுவாள், நான் மாட்டைப்போலப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒருநாள் அவர்கள் படித்துவிட்டுச் சொல்லமாட்டோம் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். என்ன எழுதியிருந்தாளோ. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

இன்று சிலேட்டில் எழுதினாள்: "மாப்பிள்ளைக்குப் பேன்ட் தைக்க அளவெடுக்கிற மாதிரி எடுக்குதீய."

எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க நேரம் ஆனது. அதனால் சிரிப்பும் தாமதமாகத்தான் வந்தது. அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

மரம் வாங்கினேன். மஞ்சக்கடம்பு. நாலு காலுக்கும் குறுக்குக் கட்டைகளுக்கும் சரியாக இருக்கும். ஐந்தாவது காலுக்கு இல்லை.

உலகு போன் செய்தாள். "எப்பா, அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் வாரேன். நீங்க நடுவுல பேச்ச மாத்தாதீய" என்றாள். நாற்காலி செய்கிறேன் என்றேன். "நாற்காலி இங்கயும் இருக்குப்பா" என்றாள்.

மார்ச் 8, சனி

நாலு காலும் கடைந்து முடித்தேன். பின்கால் இரண்டும் முதுகு சாயும் உயரம். முன்கால் இரண்டும் கைப்பிடி உயரம், பாதத்துக்கு மேல் ஒரு குமிழ். கைக்கு வெண்ணெய் போல இருக்கிறது.

பிறகு அளவு போட்டேன். அதை எழுதியே ஆக வேண்டும், அவ்வளவு சந்தோஷமான வேலை. காலை மிஷினில் மெதுவாகச் சுழலவிட்டு, அளவுக்குச்சியைப் பக்கத்தில் பிடித்து, வெட்டு இருக்கும் இடத்தில் பென்சிலைத் தொட்டால் போதும். கோடு தானாகச் சுற்றிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. என் கையெழுத்து ஏன் இப்படி வரமாட்டேன் என்கிறது?

ஒரு காலில் பக்கத்துக் கால்களோடு சேர இரண்டு குறுக்குக் கட்டைகள் நுழைய வேண்டும். ஒன்று முன்பக்கத்துக்கு, ஒன்று பக்கவாட்டுக்கு. இரண்டுக்கும் ஒரே உயரத்தில் துளை போட்டால் உள்ளே முட்டிக்கொண்டு கால் பிளந்துவிடும். அதனால் பக்கக் கட்டைக்கு இரண்டு விரல் மேலே கோடு. இதை நானாக யோசித்தேன். செண்பகத்திடம் சொன்னேன். பட்டறை வாசலில் கவிழ்த்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து வயர்க்கூடை பின்னிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

மார்ச் 11, செவ்வாய்

பொய் எழுதக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

துளை போடும் வேலை. மிஷினின் சுழலும் தலையில் துளைக்கம்பியை மாட்டி, காலை ஒரு பள்ளக்கட்டையில் சாய்த்து, கம்பியை நோக்கித் தள்ள வேண்டும். வலது முன்கால் நன்றாக வந்தது. இடது முன்காலில் முதல் துளையும் நன்றாக வந்தது. இரண்டாவது துளைக்குக் காலைத் திருப்பி வைத்தபோது செண்பகம் பெட்டியிலிருந்து எழுந்து சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். வேலையில் இருந்தேன். பொறு என்று கையைக் காட்டிவிட்டுத் துளையைப் போட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு வந்து படித்தேன்.

"நிறுத்துங்க. ரெண்டும் வலது காலு."

இரண்டு காலையும் தரையில் நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. இடது காலில் பின்பக்கம் பார்க்க வேண்டிய துளை முன்பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இந்தத் தப்பு ஒரு தச்சனுக்கு வராது. கடைசல்காரனுக்குத்தான் வரும். பம்பரத்துக்கு வலது இடது ஏது? ஐம்பத்தைந்து வருஷமாக எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாக இருக்கும் சாமானையே செய்துவிட்டேன். மிஷினில் போட்ட கோடு சுற்றிலும் ஓடுகிறது. உயரம் சொல்லும், பக்கம் சொல்லாது.

செண்பகம் எழுதினாள்: "ரெண்டு வலது செருப்பு போட்டுக்கிட்டு யாரு நடப்பா?"

மார்ச் 12, புதன்

வேலை செய்யவில்லை. பட்டறையைக் கூட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

மெர்சி டீச்சர் ஒரு பாடம் கொடுத்தார். நடந்த ஒரு சம்பவத்தைப் பத்து வரியில் எழுத வேண்டும். நான் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போனதை எழுதினேன். அது பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சமீபத்தில் எதுவும் நடக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இங்கே எழுதுகிறேன். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செண்பகம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடவும் முடியாது. கை தட்டியிருக்கிறாள். நான் பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். அவ்வளவுதான்.

உலகு அப்போதுதான் அம்மா இனி இங்கே இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. அவள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். மிஷின் இல்லை.

செண்பகம் போக விரும்புகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவாள். எழுதினால் நான் படிக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பொம்மைக் கடைக்காரர் வந்தார். "அண்ணாச்சி, தை மாசம் கேட்ட கிலுகிலுப்ப எங்க? பன்னெண்டு கேட்டேன், ஒண்ணுகூட வரலயே" என்றார். பதினொன்று இருக்கிறது, அரக்கு பூசவில்லை என்றேன். "அதக் கொண்டாங்க, பூசிக்கிடுவோம்" என்றார். தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். ஈரம் என்றேன்.

ஈரம் ஒன்றும் இல்லை. பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒரு கிலுகிலுப்பை கடைய எனக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

மார்ச் 17, திங்கள்

துளைக்கு வழி கண்டுபிடித்தேன். புதிய காலுக்கு மரம் இல்லை. அதனால் தப்பான துளையை ஒரு தக்கையால் அடைத்து, அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் புதுத்துளை போடுவது. கால் தடிமனாக இருக்கிறது, தாங்கும்.

தக்கைக்கு, சாக்கு மூடியிருந்த கிலுகிலுப்பைகளில் ஒன்றை எடுத்து அதன் கைப்பிடியைச் சிறிதாகக் கடைந்தேன். துளையில் தட்டினேன். ஜம்மென்று உட்கார்ந்தது. மேலே சிவப்பு அரக்கு வைத்தேன். மறைக்க முடியாததை நன்றாகத் தெரியும்படி வைப்பதே மேல்.

பிறகு, அந்தக் காலில் புதுத்துளை போடுவதற்கு முன்னால் நாலு காலிலும் பென்சிலால் எழுதினேன். வல முன். இட முன். வல பின். இட பின். மரத்தின்மேல் நான் எழுதிய முதல் எழுத்து. செண்பகம் கம்பை ஊன்றி வந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். கடைசிக் காலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

செண்பகம் பரணிலிருந்து பெரிய பயணப்பையை இறக்கித் தரச் சொல்லி எழுதிக் காட்டினாள். இறக்கிக் கொடுத்தேன். தூசி தட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மாலைவரை பட்டறையில் இருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

குறுக்குக் கட்டைகள் கடைந்தேன். கட்டையின் முனையில் துளைக்குள் போகும் பாகத்தைக் கழுந்து என்போம். ஒரு பலகையில் சரியான அளவுக்குத் துளை போட்டு வைத்துக்கொண்டு, கழுந்து அதில் இறுக்கமாக நுழையும்வரை மயிரிழை மயிரிழையாகச் சீவ வேண்டும். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மிஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினால் செண்பகம் கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏளா, உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவள் என் தோளைக் காட்டினாள். துண்டின் ஒரு முனை நழுவித் தொங்கி, சுழலும் கட்டையிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது.

இனித் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை. இதைத் தவிர இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

குறுக்குக் கட்டைகளை இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். காய்ந்த கழுந்து இளைக்கும். இளைத்ததைத் துளைக்குள் அடித்துவிட்டால், பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து உள்ளேயே இறுகிக்கொள்ளும். ஆணி வேண்டாம். இன்று எல்லாவற்றையும் அடித்துச் சேர்த்தேன். நாலு காலும் தரையைத் தொடுகின்றன. தள்ளிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், குறுக்குக் கட்டைமேல் நானே ஏறி நின்று பார்த்தேன். முனகவில்லை.

இருக்கை பின்னவேண்டியது பாக்கி. கட்டில் நாடா வாங்கப் போகிறேன் என்றேன். செண்பகம் வேண்டாம் என்று தலையசைத்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பயணப்பையை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே முழுக்க வயர்க்கட்டு. பச்சை, மஞ்சள், கருநீலம். ஒரு சேலைகூட இல்லை.

ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

இத எழுதுறது செண்பகவல்லி. டைரிய அலமாரிமேல வச்சிட்டு வகுப்புக்குப் போயிருக்கீய. எனக்குச் சிலேட்டுல இடம் பத்தல. அதனால இதுல எழுதுதேன். முழுசும் படிச்சிட்டேன். எழுத்துப்பிழை நெறைய இருக்கு, திருத்தல. அழகாத்தான் இருக்கு.

கொஞ்ச நேரம்னு எழுதியிருக்கீய. பதினோரு கிலுகிலுப்ப நேரம். நானும் எண்ணினேன். ஒண்ணு முடியும்போது மிஷின் சத்தம் எறங்கும், அடுத்தது மாட்டினதும் ஏறும். கல்லுக்குப் பக்கத்துல கெடந்துக்கிட்டு அதத்தான் கேட்டுட்டிருந்தேன். பயமா இருந்துது, இல்லன்னு சொல்லல. ஆனா சத்தம் கேக்குற வரைக்கும் நீங்க இருக்கீயன்னு தெரிஞ்சுது. பதினொண்ணு முடிஞ்சு சத்தம் ஏறல. பதினோரு மணிக் காபி வரலன்னு கோவமா வருவீயன்னு நெனச்சேன். அதே மாதிரி கோவமாத்தான் வந்தீய. என்னப் பாத்ததும் ஒங்க மொகம் போன போக்க நான் யார்ட்டயும் சொல்லல.

திருப்பூர்ல காலையில எல்லாரும் வேலைக்கு, படிப்புக்குன்னு போயிருவாவ. அங்க நான் எதக் கேட்டுட்டுக் கெடப்பேன்?

நான் போகல. கேட்டிருந்தா அன்னைக்கே எழுதிருப்பேன். ஆனா ஒரு விஷயம். மிஷினோட சுவிட்சு ஒங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. அது அங்க இருக்கப்படாது. என் நாற்காலிக்குப் பக்கத்துல ஒண்ணு, கொல்லையில கல்லுக்குப் பக்கத்துல, தரையில கெடந்தாலும் கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணு. எத அமத்தினாலும் மிஷின் நிக்கணும். ஒங்களக் கூப்பிட எனக்கு வேற வழி இல்ல.

துண்டு விஷயத்த உலகுகிட்ட சொல்லமாட்டேன். சொன்னா ஒங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருவா.

மார்ச் 26, புதன்

நேற்றைய பக்கத்தை ஆறு முறை படித்தேன். முதல் முறை ஒரு மணி நேரம் ஆனது. ஆறாவது முறை அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எலக்ட்ரீசியன் அந்தோணியைக் கூப்பிட்டேன். "என்ன அண்ணாச்சி, வீட்டுக்காரி கையில சுவிட்சக் குடுக்குதீயளா? நல்லா யோசிச்சீயளா?" என்றார். செண்பகம் அவரிடம் சிலேட்டைக் காட்டினாள். "ஒங்க வீட்டுல யாரு கையில இருக்கு?" அந்தோணி ஒயர் இழுக்கத் தொடங்கினார். கல்லுக்குப் பக்கத்துச் சுவிட்சுக்குத் தண்ணீர் படாத மூடி போட்டார்.

மார்ச் 29, சனி

செண்பகம் இருக்கையைப் பின்னி முடித்தாள். நடுவில் மஞ்சளில் ஒரு கட்டம், சுற்றிலும் பச்சை, ஓரம் கருநீலம். நாற்காலியைப் பட்டறை வாசலில், புதுச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டேன். உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்தன. கைப்பிடியை ஊன்றிக் கம்பு இல்லாமல் எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள். போதும், தேய்ந்துவிடும் என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

உலகு வந்தாள். பெரிய பெட்டி ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்திருந்தாள். நாற்காலியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இது என்னப்பா, இந்தக் காலுக்கு மட்டும் பொட்டு வச்சிருக்கு?"

"அழகுக்கு" என்றேன்.

செண்பகம் சிலேட்டை நீட்டினாள். "தப்புத் துளை. ஒங்கப்பா போட்டது. அழகும்தான்."

சாப்பிட்ட பிறகு பேச்சு தொடங்கியது. "எம்மா, வெளையாட்டு இல்ல. நீ மறுபடியும் விழுந்தா என்ன செய்வ? அங்க ஏசி இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு" என்றாள் உலகு.

"ஏசி பேசுமா?" என்று எழுதினாள் செண்பகம்.

"அப்பா மட்டும் என்ன பேசிட்டாவ? மிஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் கேக்காது அவியளுக்கு."

அது உண்மை. பட்டறைக்குப் போய் மிஷினில் ஒரு கட்டையை மாட்டி ஓட்டத் தொடங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதி கடைந்திருப்பேன். சத்தம் இறங்கி மிஷின் நின்றது. உளியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலி காலி. கொல்லைக்கு ஓடினேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தது செண்பகம் இல்லை, உலகு. கையைச் சுவிட்சுமேல் வைத்திருந்தாள். செண்பகம் பக்கத்தில் கம்பை ஊன்றி, தோள் குலுங்க நின்றாள்.

உலகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "இருபது எண்ணுறதுக்குள்ள வந்துட்டீய" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தேன். "எப்பா, இந்த வயசுல இப்படி ஓடக்கூடாது" என்றாள். பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நல்ல மிஷின்தான். அமத்தினா மனுசன் வாராவ."

மாதம் ஒரு முறை வந்து பார்ப்பாளாம். தினமும் காலையில் போனில் அம்மாவின் முகத்தைக் காட்ட வேண்டுமாம். சரி என்றேன். இன்னும் பத்துச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

காலிப் பெட்டியில் செண்பகம் அவளுக்கு மூன்று வயர்க்கூடையும், நான் பேரப்பிள்ளைகளுக்குப் பத்துக் கிலுகிலுப்பையும் வைத்தோம். "அவனுவ காலேஜு போறானுவப்பா" என்றாள் உலகு. இருந்தாலும் எடுத்துக்கொண்டாள். நேற்றுத்தான் அவற்றுக்குச் சிவப்பு அரக்கு பூசினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று மிஷின் மூன்று முறை நின்றது. முதல் முறை காபி. அடுத்தது, கடைக்காரர் வந்திருந்தார். அவருக்குப் பன்னிரண்டு கிலுகிலுப்பை புதிதாகக் கடைந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது முறை நின்றபோது பயந்துபோய்த் திரும்பினேன். செண்பகம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. என்ன என்று கேட்டேன். சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தது. கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே படித்துவிட்டேன்.

"சும்மா."

மரப்பெட்டியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.